தூக்குக் கயிறு வரைந்த மாணவர்களுக்கு

அன்புள்ள மாணவ, மாணவியருக்கு,

கல்லூரி வாசலில் நீங்கள் ஏந்தி நின்ற அட்டைகளில் பாதிக்கு மேல் தூக்குக் கயிறு வரைந்திருந்தீர்கள். அதன் கீழே பல கையெழுத்துகளில் ஒரே வாசகம்: தூக்கில் போடு, நாலு பேருக்குப் பாடமாக இருக்கட்டும். வகுப்பை விட்டு வெயிலில் நின்றதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஒரு பெண்ணுக்கு நேர்ந்ததைக் கேட்ட பிறகும் நீங்கள் செமஸ்டர் பாடத்தைப் புரட்டிக்கொண்டிருந்தால் அதுதான் எனக்குக் கவலையாக இருந்திருக்கும். குற்றவியல் நீதிமன்றங்களில் நெடுங்காலம் வழக்கு நடத்தியவன் நான். இரண்டு பக்கத்துக்கும் வாதாடியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் உங்கள் வாசகத்தின் பின்பாதியோடு கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கிறது.

முன்பாதியை விட்டுவிடுகிறேன். ‘அவன் செய்ததற்கு அவனுக்கு இதுதான் தகும்’ என்று நீங்கள் சொன்னால், அது நியாயம் பற்றிய உங்கள் தீர்மானம். எனக்கு அதில் உடன்பாடு இல்லாமல் இருக்கலாம். ஆனால் எந்தக் கணக்கைக் காட்டியும் அதைப் பொய் என்று நான் நிரூபிக்க முடியாது. ‘நாலு பேருக்குப் பாடம்’ என்பது வேறு வகை. இன்னொருவன், இன்னொரு ஊரில், இன்னொரு இரவில் பயந்து பின்வாங்குவான் என்கிறது அது. அப்படி நடக்கிறதா என்று பார்த்துச் சொல்லிவிடலாம். உலகம் இதை 250 வருடத்துக்கு மேலாகப் பார்த்துக்கொண்டும் இருக்கிறது.

முதலில் என் நண்பர்களுக்கு எதிராகவே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மனித உரிமைக் கூட்டங்களில் சிலர், தண்டனைக்குப் பயந்து எவனும் குற்றத்தை விட்டதில்லை என்று அடித்துப் பேசுவார்கள். கைதட்டும் கிடைக்கும். ஆனால் அது சரியில்லை. 1969 அக்டோபர் 7 அன்று கனடாவின் மொன்றியல் நகரத்துப் போலீசார் சம்பளத் தகராறில் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரே நாளுக்குள் ஆறு வங்கிகள் கொள்ளை போயின. நூறு கடைகளுக்கு மேல் உடைத்துச் சூறையாடினார்கள். ராணுவத்தைக் கூப்பிட வேண்டியதாயிற்று. பயம் வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அன்றைக்குக் கனடாவின் தண்டனைச் சட்டத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. கொள்ளைக்கு முந்தின நாள் என்ன தண்டனையோ அதேதான் அன்றும். மாறியது ஒன்றே: பிடிக்க ஆள் இல்லை. ஊர் அதுவரை பயந்திருந்தது சட்டப் புத்தகத்துக்கு இல்லை, தெருமுனையில் நின்ற ஆளுக்கு.

இத்தாலியில் செசாரே பெக்கரியா என்ற இளைஞர் 1764-இல் இதையே ஒரு சின்னப் புத்தகமாக எழுதினார். அப்போது அவருக்கு உங்களைவிடச் சில வயதுதான் கூட இருக்கும். பயந்துபோய்ப் பெயர் போடாமலே வெளியிட்டார். குற்றத்தைத் தடுப்பது தண்டனையின் கொடூரம் இல்லை, அது தப்பாமல் வரும், சீக்கிரம் வரும் என்ற உறுதிதான் என்பது அவர் வாதம். அவர் எழுதிய காலத்து இங்கிலாந்து நேர் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே தூக்குக்குரிய குற்றங்கள் இருநூறைத் தாண்டியிருந்தன. வீடு புகுந்து 40 ஷில்லிங் பெறுமான பொருளைத் திருடினால் தூக்கு. நடந்தது என்ன தெரியுமா? ஜூரியாக உட்கார்ந்த கடைக்காரரும் தச்சரும், எதிரே நிற்கும் பையனைப் பார்த்து, களவுபோன சாமான் 39 ஷில்லிங்தான் பெறும் என்று கூசாமல் தீர்ப்புச் சொன்னார்கள். பறிகொடுத்தவர்களில் பலர் புகாரே கொடுக்கவில்லை. கடைசியில் 1830-இல் வங்கிக்காரர்கள் பலர் சேர்ந்து நாடாளுமன்றத்துக்கு மனுப் போட்டார்கள்: கள்ளக் கையெழுத்துக்குத் தூக்கு வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்று. இரக்கம் பொங்கியதால் வந்த மனு இல்லை இது. தூக்கு இருப்பதால் யாரும் தண்டிக்க முன்வருவதில்லை, எங்கள் பணத்துக்குப் பாதுகாப்பு இல்லை என்பதே அவர்கள் முறையீடு. ஈட்டிக்காரனைப் போலக் கறாரான மனிதர்களே கேட்ட சலுகை அது.

தண்டனையின் அளவைக் கூட்டினால், அது கிடைக்கும் வாய்ப்பு தானாகக் குறையும். ஏனென்றால் புகார் கொடுப்பவர், சாட்சி சொல்பவர், விசாரிப்பவர், தீர்ப்பளிப்பவர் எல்லோரும் மனிதர்கள். கை நடுங்கும்.

இங்கேயும் அதே கதைதான். ஹெல்மெட் போடாததற்கு 100 ரூபாயாக இருந்த அபராதம் 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் 1,000 ஆனது. ரசீது எழுத வேண்டிய தொகை ஏறினால் அதோடு ஏறுவது வேறொன்றும் உண்டு. உங்களில் வண்டி ஓட்டுபவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இப்போது நம் வழக்குக்கு வருவோம். 2012 டிசம்பர் டெல்லிக் கொடுமைக்குப் பிறகு நீதிபதி வர்மா குழு அமைந்தது. பாலியல் வன்கொடுமைக்கு மரண தண்டனை வேண்டாம் என்றுதான் அந்தக் குழு சொன்னது. ஆனால் 2013 சட்டத் திருத்தத்தில் சில சூழல்களுக்கு மரண தண்டனை வந்தது. 2018-இல் பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட சிறுமிகள் விஷயத்தில் வந்தது. 2019-இல் குழந்தைகளுக்கான போக்சோ சட்டத்தில் சேர்ந்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நியாய சன்ஹிதாவில் இன்னும் விரிந்தது. 2025 ஜனவரியில் நம் சட்டமன்றமும் தன் பங்குக்குத் தண்டனைகளைக் கூட்டியது. கூட்டம் கேட்டபோதெல்லாம் அரசுகள் கொடுத்தன. கொடுப்பதற்கு இதைவிட மலிவான சரக்கு ஏது? ஒரு தடயவியல் கூடம் கட்டுவதற்கும், ஒரு மகளிர் நீதிமன்றத்துக்கு நிரந்தர நீதிபதி போடுவதற்கும் பணம் வேண்டும். சட்டத்தில் ‘மரணம்’ என்ற சொல்லைச் சேர்க்க ஒரு பிற்பகல் போதும்.

அதே காலத்தில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருடாவருடம் வெளியிடும் கணக்கைப் பாருங்கள். விசாரணை முடிந்த வன்கொடுமை வழக்குகளில் தண்டனையில் முடிபவை பெரும்பாலான வருடங்களில் நூற்றுக்கு முப்பதுக்குள்ளேதான் நிற்கின்றன. வருட முடிவில் தீர்ப்பாகாமல் தேங்குபவை நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல். இது புகார் பதிவான வழக்குகளின் நிலை. பதிவாகாதவை எந்தக் கணக்கிலும் இல்லை. டெல்லி வழக்கில் விசாரணை நீதிமன்றம் ஒன்பது மாதத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. தூக்கு நிறைவேறியது 2020 மார்ச் 20 அன்று. ஏழு வருடத்துக்கு மேல். கல்கத்தாவில் 1990-இல் நடந்த ஒரு குற்றத்துக்கு 2004-இல் ஒருவரைத் தூக்கிலிட்டார்கள். அதே நகரத்தில் 2024 ஆகஸ்டில் மருத்துவக் கல்லூரிக்குள்ளேயே ஒரு பெண் மருத்துவருக்கு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. அதே ஆவணக் காப்பகக் கணக்கின்படி, பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட வழக்குகளில் குற்றவாளி அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவன். மாமா, பக்கத்து வீட்டுக்காரர், டியூஷன் வாத்தியார், காதலன். என்னிடம் வந்த தாய்மார்கள் கேட்ட முதல் கேள்வி பெரும்பாலும் ‘தண்டனை கிடைக்குமா’ என்பது இல்லை. ‘தூக்கில் போட்டுவிடுவார்களா சார்’ என்பதே. அந்த ஆள் அவர்களுடைய தம்பியாகவோ கணவனாகவோ இருப்பான். அந்தக் கேள்விக்குப் பிறகு சிலர் திரும்ப வரவில்லை. கயிறு அவனைப் பயமுறுத்தியதோ இல்லையோ, அவர்களைப் பயமுறுத்திவிட்டது.

சென்னையில் 2024 டிசம்பரில் பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவிக்கு நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஐந்தாறு மாதத்துக்குள், 2025 ஜூன் 2 அன்று, மகளிர் நீதிமன்றம் குறைந்தது 30 வருடம் வெளியே வர முடியாத ஆயுள் தண்டனை விதித்தது. நம் நீதிமன்றங்களால் வேகமாகவும் உறுதியாகவும் நடக்க முடியும் என்பதற்கு அது சான்று. அந்த வழக்கின் இன்னொரு பக்கம்தான் எனக்கு நெருடல். தண்டனை பெற்றவன் மீது ஏற்கெனவே பல வழக்குகள் இருந்தன. ஒவ்வொன்றும் ‘ஒன்றும் ஆகாது’ என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். அடுத்தது, புகார் கொடுத்த மாணவியின் அடையாளம் தெரியும்படி முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்தது. உயர் நீதிமன்றம் தலையிட்டு அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்கச் சொன்னது. அந்தக் கசிவைப் படித்த மற்ற பெண்கள் என்ன கற்றிருப்பார்கள்? நாலு பேருக்குப் பாடம் அங்கேயும் நடந்தது. நாலு பேரும் பெண்கள்.

போர் விஷயத்துக்குக் கொஞ்சம் தாவுகிறேன். பயமுறுத்தித் தடுப்பது எப்படி என்று மனிதர்கள் அதிகமாக மூளையைக் கசக்கியது அங்கேதான். 1954 ஜனவரியில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டல்லஸ், எதிரி எங்கே கை வைத்தாலும் எங்களுக்கு வசதியான இடத்தில், வசதியான முறையில் பிரமாண்டமாகத் திருப்பி அடிப்போம் என்ற தொனியில் பேசினார். அணுகுண்டு மிரட்டல் என்று உலகமே புரிந்துகொண்டது. நான்கு மாதம்கூட முடியவில்லை. மே 7 அன்று வியட்நாமின் தியன் பியன் பூவில் அமெரிக்காவின் கூட்டாளியான பிரெஞ்சுப் படை வீழ்ந்தது. அணுகுண்டு கிடங்கிலேயே கிடந்தது. ஒரு பள்ளத்தாக்குக் கோட்டைக்காக உலகத்தையே கொளுத்த மாட்டார்கள் என்று வியட்நாமியர்களுக்குத் தெரிந்திருந்தது.

நம் கதையும் அதுதான். 1998 மேயில் இந்தியாவும் பாகிஸ்தானும் அடுத்தடுத்து அணுகுண்டு வெடித்தபோது இனி இங்கே போரே வராது என்று எழுதியவர்கள் உண்டு. மறு வருடம் மேயிலேயே கார்கில். 527 இந்திய வீரர்கள் இறந்தார்கள். ஊடுருவலை விசாரித்த குழுவுக்கும், இந்திய அணுக் கொள்கையின் வரைவை எழுதிய குழுவுக்கும் தலைவர் ஒருவரேதான்: திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியம். முதலில் பயன்படுத்த மாட்டோம் என்பது அந்த வரைவில் இருந்தது. குண்டு குண்டைத் தடுக்கலாம். மலை உச்சியில் நாலு பதுங்குகுழியைப் பிடிப்பவனைத் தடுக்காது. சொல்லப்போனால், மேலே பெரிய பயம் ஒன்று இருப்பதால், எதிரி அளவுக்கு மீறித் திருப்பி அடிக்க மாட்டான் என்ற தைரியத்தில் கீழே சின்ன அத்துமீறல்களுக்கு இடம் கிடைத்துவிடுகிறது. போரியல் படித்தவர்கள் அறுபதுகளிலேயே கண்டு எழுதிய விஷயம்.

உங்கள் கயிற்றையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். பேருந்தில் உரசுபவன், தினமும் விடுதி வரைக்கும் பின்தொடர்பவன், இரவு இரண்டு மணிக்குப் படம் அனுப்புபவன், செய்முறைத் தேர்வு மதிப்பெண்ணைக் காட்டி அறைக்குக் கூப்பிடுபவன். இவர்களில் எவனையும் யாரும் தூக்கில் போடப் போவதில்லை. அது அவனுக்கும் தெரியும். நாட்டின் கோபம் முழுவதும் கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கும்போது, அதற்குக் கீழே அவன் தாராளமாக நடமாடலாம். ‘இதுக்கெல்லாமா போலீசுக்குப் போவது’ என்று வீட்டிலேயே சொல்வார்கள். வளாகத்துக்குள் நடக்கும் பெரிய குற்றத்துக்கு முன்னால் பெரும்பாலும் இப்படிச் சில சின்னச் சம்பவங்கள் நடந்திருக்கும். அவை கேட்பாரற்றுப் போயிருக்கும்.

போரியல் அறிஞர்களில் தாமஸ் ஷெல்லிங் என்ற பொருளாதாரக்காரர் ஒருவர். 2005-இல் நோபல் வாங்கினார். மிரட்டலுக்குள் ஒரு வாக்குறுதியும் இருக்க வேண்டும் என்று அவர் சுட்டிக்காட்டினார். ‘ஒரு அடி முன்னால் வைத்தால் சுடுவேன்’ என்ற மிரட்டல் பலிக்க வேண்டுமானால், ‘வைக்காவிட்டால் சுட மாட்டேன்’ என்பதையும் எதிரி நம்ப வேண்டும். எப்படியும் சுடுவான் என்று தெரிந்தவன் ஏன் நிற்க வேண்டும்? நம் ஊரில் எல்லோரும் மறந்துபோன பாதி இது. அடியாத மாடு படியாது என்கிறோம். படிந்த மாட்டையும் அடித்துக்கொண்டே இருந்தால் மாடு என்ன செய்யும் என்று கேட்பதில்லை.

2019 டிசம்பர் 6 காலையில் ஹைதராபாத் அருகே, வன்கொடுமை வழக்கில் பிடிபட்ட நான்கு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றபோது அந்த இடத்தில் பூத்தூவினார்கள். உங்கள் அக்கா அண்ணன் வயதுக்காரர்கள் இனிப்புக் கொடுத்தார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் பிறகு விசாரித்து, கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டார்கள் என்றது. சுடப்பட்டவர்கள்தான் குற்றவாளிகளா என்று எந்த நீதிமன்றமும் சொல்வதற்கு முன்பே முடிந்துபோனது. நம் பக்கத்தில், 2020 ஜூனில், ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்தது என்று சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோன தந்தையும் மகனும் திரும்பி வரவில்லை. தப்புச் செய்தாலும் அடி, செய்யாவிட்டாலும் அடி என்று ஆகிவிட்ட இடத்தில் பயம் இருக்கும், நிறையவே இருக்கும். அது யாரையும் ஒழுங்காக வைக்காது. போலீசைக் கண்டால் சாட்சிகள் ஓடுவார்கள், அவ்வளவுதான். சாட்சி ஓடிய வழக்கு என்ன ஆகும் என்பது நான் பிழைத்த தொழில், எனக்குத் தெரியும்.

பயம் சரியாக வேலை செய்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். உங்கள் வாசலிலேயே நடந்தது.

1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டார். அப்போது தமிழ்நாடே கொதித்தது. அன்றைக்கும் கயிறுதான் கேட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட சீனியர் மாணவருக்கு 1998-இல் ஆயுள் தண்டனை கிடைத்தது. 2001-இல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. 2011-இல் உச்ச நீதிமன்றம் மறுபடி ஆயுளை உறுதி செய்தது. பதினைந்து வருட ஊசலாட்டம். அதைப் பார்த்துத்தான் சீனியர்கள் திருந்தினார்கள் என்று நான் நம்பவில்லை. அவர்களைத் தொட்டது 1997-இல் வந்த ராகிங் தடைச் சட்டம். அதில் தண்டனை எவ்வளவு தெரியுமா? அதிகபட்சம் இரண்டு வருடச் சிறை, 10,000 ரூபாய் அபராதம். கயிறு கேட்டவர்களுக்கு அது சப்பென்றுதான் இருந்திருக்கும். ஆனால் கூடவே இரண்டு விஷயங்கள் இருந்தன. குற்றம் நிரூபணமானால் கல்லூரியிலிருந்து நீக்கம், வேறு கல்லூரியிலும் சேர முடியாது. புகார் வந்தால் கல்லூரித் தலைவர் உடனே விசாரித்தே ஆக வேண்டும். முகாந்திரம் இருந்தால் இடைநீக்கம் செய்தே ஆக வேண்டும். ‘டி.சி. கிழிஞ்சிடும்’ என்ற பேச்சு விடுதி விடுதியாகப் பரவியது. ஜெயில் எங்கோ இருப்பது. டி.சி. அடுத்த வாரம் அப்பா கையில் வந்து நிற்பது. மீசையை முறுக்கிக்கொண்டிருந்த சீனியர்கள் அதற்கு அஞ்சினார்கள். 2009-இல் யு.ஜி.சி. விதிகளும் உதவி எண்ணும் சேர்ந்துகொண்டன. ராகிங் ஒழிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். இன்றும் செய்தி வருகிறது. ஆனால் உங்கள் பெற்றோர் விடுதியில் முதல் மாதம் பட்டதை அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். நீங்கள் பட்டதோடு வைத்துப் பாருங்கள்.

திருவிதாங்கூரையும் சொல்லாமல் விட முடியாது. கன்னியாகுமரி மாவட்டத்து மாணவர்களின் தாத்தா பாட்டி அந்தச் சமஸ்தானத்துப் பிரஜைகள். அங்கே 1944-இல் மரண தண்டனையை எடுத்துவிட்டார்கள். இந்தியச் சட்டம் வந்த பிறகு 1950 வாக்கில் அது திரும்ப வந்தது. கயிறு இல்லாத ஐந்தாறு வருடத்தையும் அது திரும்ப வந்த பிறகான ஐந்தாறு வருடத்தையும் ஒப்பிட்டவர்கள், கொலைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்ததைக் கண்டார்கள். ஒரு சமஸ்தானத்தை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்ய முடியாதுதான். ஆனால் கயிறு இல்லாவிட்டால் ஊர் சுடுகாடாகும் என்பவர்கள் பதில் சொல்ல வேண்டிய கணக்கு அது.

சரி, வாசலில் நின்று என்ன கேட்பது? உங்கள் கல்லூரியில் உள்ளகப் புகார் குழு ஒன்று சட்டப்படி இருந்தாக வேண்டும். நம் ஆட்கள் விசாகா கமிட்டி என்பார்கள். 2015 யு.ஜி.சி. விதிகளின்படி, மாணவர்கள் சம்பந்தப்பட்ட புகாரில் மாணவப் பிரதிநிதிகள் மூவர் அந்தக் குழுவில் இருக்க வேண்டும். அவர்களைத் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். எத்தனை புகார் வந்தது, என்ன ஆனது என்று வருடாந்திர அறிக்கை தர வேண்டும். உங்களில் எத்தனை பேருக்கு அந்த மூவரின் பெயர் தெரியும்? எப்போது தேர்தல் நடந்தது? பல கல்லூரிகளில் குழுத் தலைவரின் பெயர் சுவரில் ஒட்டிய காகிதத்தில் இருக்கும். அவர் போன வருடமே மாற்றலாகிப் போயிருப்பார்.

அறிவிப்புப் பலகையில் அந்தக் காகிதத்தைத் தேடுங்கள். வருடாந்திர அறிக்கையை எழுத்தில் கேளுங்கள். அரசுக் கல்லூரி, அரசு உதவி பெறும் கல்லூரி என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு விண்ணப்பிக்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். புகார் கொடுத்தவரின் அடையாளம் எந்தக் காகிதத்திலும் வரக்கூடாது. அதை மட்டும் நீங்களே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். ‘புகார் ஒன்றும் வரவில்லை’ என்று பதில் வந்தால் அதை நம்பி மகிழ வேண்டாம். ஏன் வரவில்லை என்று அடுத்த மனுவை எழுதுங்கள். மனு எழுதத் தெரியாவிட்டால் சொல்லுங்கள், மாதிரிப் படிவம் ஒன்று தயாராக வைத்திருக்கிறேன். பதில் வந்ததும் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர் வழக்கறிஞர் ஒருவர்